உப்புப் போட்ட திராட்சை ரசம்

வண்டி பாலம் தாண்டாது. போனில் யார் கேட்டாலும் முதலில் நான் சொல்லவேண்டியது இதுதான் என்று அக்கா எனக்குக் கட்டளை போட்டிருந்தார். திருச்சி ஜங்ஷனுக்கு வந்து கூட்டிக்கொண்டு போங்கள் என்று கெஞ்சுவார்கள். கல்யாணமாகி நாலு நாள்தான் ஆகிறது, பெட்டி படுக்கையோடு பஸ்ஸில் எப்படி ஏறுவது என்பார்கள். நான் மசியமாட்டேன். காவிரிப் பாலம் முடிந்து மாம்பழச் சாலை தொடங்குகிற இடத்தில் ஒரு வெள்ளைக் கார் நிற்கும், ஓட்டுகிறவர் ஒரு அம்மா, தலை நிறைய மல்லிகை வைத்திருப்பார், அங்கே வந்து ஏறிக்கொள்ளுங்கள் என்பேன். ‘அஞ்சாறு கிலோமீட்டர் வர மாட்டாங்களா? இவங்க என்ன மகாராணியா?’ என்று கோபித்துக்கொண்டு போனை வைத்தவர்களும் உண்டு. போனால் போகட்டும் என்பார் அக்கா.

எனக்கு ஸ்ரீரங்கத்தில் ஒரு ஜெராக்ஸ் கடை. ஜெராக்ஸ், டைப்பிங், லேமினேஷன் என்று போர்டில் இருக்கும். போர்டில் இல்லாத வேலை, வருகிறவர்களின் கதையைக் கேட்பது. அக்கா எனக்கு உறவில்லை. அடுத்த தெருவில் தனியாக இருந்தார், அவ்வளவுதான். ஊரே அக்கா என்று கூப்பிட்டது, நானும் கூப்பிட்டேன். அவர் இந்த ஆற்றுத் தீவை விட்டுப் போய் மூன்று வருஷம் ஆகிறது. இன்னமும் யாராவது போனில் ‘அந்த ஜோடி டூர் இருக்குங்களா?’ என்று கேட்டால் வண்டி பாலம் தாண்டாது என்று வாய் வரைக்கும் வந்துவிடுகிறது.

அவருடைய கணவர் கதை எங்கள் தெருவுக்கே தெரியும். இருபத்துநாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு பையோடு கிளம்பிப் பாலத்தைத் தாண்டி உறையூருக்குப் போனவர், அங்கேயே இன்னொரு பெண்ணோடு குடித்தனம் வைத்துவிட்டார். சீமைக்குப் போகவில்லை, சிங்கப்பூருக்குப் போகவில்லை. பஸ் ஏறினால் அரை மணி நேரத்தில் வாசலில் போய் நிற்கலாம். அக்கா போனதில்லை. ஆள் அனுப்பியதும் இல்லை. பாலத்துக்கு அந்தப் பக்கம் திருவெறும்பூரில் இருந்த அக்காவின் அண்ணன், பேக்டரியில் ஓய்வு பெற்றவர், வாரா வாரம் வந்து கேஸ் போடு என்று கத்திவிட்டுப் போவார். அக்கா அவருக்குக் காபி போட்டுக் கொடுப்பார்.

நான்கூட ஒரு தடவை பொறுக்க முடியாமல் கேட்டேன்.

“ஒரு தடவ நேர்ல போய்க் கேட்டா என்னக்கா?”

“நான் போனா, நான் போய்க் கூட்டிட்டு வந்ததா ஆயிடும். அவரா வரணும். வரும்போது நான் அக்கரையில எங்கயாவது சுத்திட்டு இருந்தா? கதவு பூட்டியிருந்தா திரும்பிப் போயிடுவார். அவருக்கு ரோஷம் ஜாஸ்தி.”

ரோஷமாம்! எனக்கு வாயில் வந்ததை அடக்கிக்கொண்டேன். அக்கா உறையூர் என்ற பெயரைச் சொல்லவேமாட்டார். அக்கரை என்பார். நானும் அவர் எதிரில் அந்தப் பெயரைச் சொல்லாமல் பழகிவிட்டேன். கடைசியில் வினையானது அந்தப் பழக்கம்தான்.

அவர் டூர் தொடங்கிய கதை வேடிக்கையானது. ஒரு மத்தியானம் டிரைவிங் லைசன்ஸை ஜெராக்ஸ் எடுக்க வந்தவர், போனை என் மூக்குக்கு நேரே நீட்டினார். ஏதோ வெளிநாட்டுத் தீவில் ஜோடிகளைத் தனியாகக் காரில் ஏற்றிச் சுற்றிக் காட்டி, கடைசியில் ஒயின் கொடுத்து அனுப்புகிறார்களாம். அந்த இங்கிலீஷ் விளம்பரம். ஆணும் பெண்ணும் கடற்கரையில் கிளாஸைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

“இத முழுசாப் படிச்சுச் சொல்லு.”

படித்துச் சொன்னேன்.

“நம்மளுதும் தீவுதானே? இந்தப் பக்கம் காவேரி, அந்தப் பக்கம் கொள்ளிடம். அவங்ககிட்ட இருக்கிறது என்ன, நம்மகிட்ட இல்லாதது என்ன?”

“ஒயின் இல்லக்கா.”

அக்கா போனை இடுப்பில் செருகிக்கொண்டார். “பன்னீர் திராட்சை இருக்குல்ல” என்றார்.

அன்றைக்கே நோட்டீஸ் அடித்தோம். நெட்டிலும் ஒரு பக்கம் போட்டேன். ஜோடிகளுக்கு மட்டும், தனி வண்டி, மாலை மூன்றிலிருந்து ஏழு வரை, ஆற்றங்கரையில் திராட்சை ரசம். ‘ஒயின்னே போடு, வந்தப்புறம் சொல்லிக்கலாம்’ என்றார் அக்கா. அடி வாங்குவோம் என்று நான் ரசம் என்றே போட்டேன். கடைசி வரி அவர் சொல்லி நான் அடித்தது: வண்டி பாலம் தாண்டாது.

ஒரு மாதத்தில் மூடிவிடுவார் என்று நினைத்தேன். ஆறு வருஷம் ஓடியது.

அவருடைய கெட்டிக்காரத்தனம் கதை சொல்வதில் இல்லை, தள்ளி நிற்பதில் இருந்தது. நம் ஊரில் புருஷனும் பெண்டாட்டியும் தனியாக உட்கார இடம் ஏது? வீட்டில் மாமியார், கோயிலில் கூட்டம், பூங்காவில் வாட்ச்மேன். அக்கா அந்த நாலு மணி நேரத்துக்கு அவர்களை உலகத்திடமிருந்து பறித்துக் கொடுத்தார். ஜோடி ஏறியதும் முதல் வேலையாக, முன்னால் இருக்கும் கண்ணாடியைக் கூரையைப் பார்க்கத் திருப்பிவிடுவார். ‘நான் பாக்க மாட்டேன், பேசுறதும் காதுல விழாது, நீங்க பாட்டுக்கு இருங்க’ என்பார். பின்னால் வரும் வண்டியை எப்படிப் பார்ப்பீர்கள் என்று ஒரு இன்ஜினீயர் மாப்பிள்ளை கேட்டாராம். ‘பக்கத்துல ரெண்டு கண்ணாடி இருக்கே, அது போதும். பின்னாடி வர்றவனுக்கு அவசரமா இருந்தா ஹாரன் அடிப்பான்.’

அம்மா மண்டபத்துப் படித்துறையில் நிறுத்தி, ஆற்றுக்கு அந்தப் பக்கம் தெரியும் மலைக்கோட்டையைக் காட்டுவார். மேலே ஏற முடியாதா என்றால், ‘இங்கேருந்து பாத்தாத்தான் அழகு. பக்கத்துல போனா படிக்கட்டுதான் தெரியும்’ என்பார். அப்புறம் வண்ணத்துப்பூச்சிப் பூங்கா, திருவானைக்காவல். அங்கே இறங்கும்போது ஒரு எச்சரிக்கை உண்டு. ‘இந்தக் கோயில்ல அம்மன் மாணவி, சாமி வாத்தியார். அதனால இங்க சாமிக்குக் கல்யாணமே கிடையாது. உள்ள கையக் கோத்துக்கிட்டு நடக்காதீங்க. வெளிய வந்து கோத்துக்கலாம்.’ இளம் ஜோடிகள் சிரித்துக்கொண்டே கையை விடுவார்கள். வெளியே வந்ததும் அவசரமாகக் கோத்துக்கொள்வார்கள். அதைப் பார்க்காததுபோல் பார்ப்பதில் அக்காவுக்கு ஒரு சந்தோஷம்.

பிறகு கல்லணை ரோட்டில் வாழைத் தோட்டங்களுக்கு நடுவே உத்தமர்சீலி, கிளிக்கூடு என்று ஓட்டிக்கொண்டு போய்த் திரும்பிவருவார். அந்த வழியில்தான் பெருமாள் கதை. ஊரில் எல்லாருக்கும் தெரிந்த கதைதான், அக்கா சொன்னால் வேறு மாதிரி இருக்கும்.

“எங்க பெருமாளே வருஷத்துக்கு ஒரு தடவ ஆத்தத் தாண்டி அக்கரைக்குப் போயி, அங்க இருக்கிற நாச்சியாரோட உக்காந்துட்டு வர்றவருதான். தாயாருக்குத் தெரிஞ்சா சும்மா விடுவாங்களா? திரும்பி வந்தா கதவச் சாத்திடுவாங்க. வெண்ணெய எடுத்து எறிவாங்க, பூவ எறிவாங்க. பெருமாள் வெளியில நிப்பார். நம்மாழ்வார் வந்து சமாதானம் பேசுவார். அப்புறம் கதவத் திறந்து, பங்குனி உத்திரத்தன்னிக்கு ரெண்டு பேரும் ஒண்ணா உக்காருவாங்க. வருஷத்துல அந்த ஒரு நாள்தான்.”

“வருஷத்துல ஒரு நாள் மட்டுமா? பாவம்!” என்று பின்சீட்டிலிருந்து யாராவது பெண் சொல்வாள்.

“ஒரு நாள் நிச்சயம் இருக்கே” என்பார் அக்கா.

பங்குனி உத்திரத்தன்று மட்டும் வண்டி ஓடாது. சேர்த்தி சேவைக்குப் பகலிலேயே போய் வரிசையில் நின்றுவிடுவார். ஒரு வருஷம் நானும் கூடப் போனேன். கூட்டத்தில் நசுங்கி, பெருமாளையும் தாயாரையும் ஒன்றாகப் பார்த்த அந்த நிமிஷத்தில் அக்கா கை கூப்பவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, கணக்குப் பரீட்சை விடையைச் சரிபார்ப்பவர்போல முறைத்துப் பார்த்தார். எனக்கு அவரைப் பார்க்கத் தாங்கவில்லை.

அவருக்குத் தீவு முழுக்க அக்கா மகள்கள் உண்டு. கொள்ளிடக் கரையில் ஜோடி உட்கார்ந்திருந்தால் போதும், எவனாவது ஒருவன் பைக்கை நிறுத்திவிட்டு, ‘யாரு நீங்க? எந்த ஊரு? கல்யாணம் ஆயிடுச்சா?’ என்று விசாரணைக்கு வந்துவிடுவான். அக்கா முந்தானையைச் செருகிக்கொண்டு குறுக்கே போய் நிற்பார். ‘என் அக்கா மகளும் மாப்பிள்ளையும். உனக்கு என்ன வேணும்?’ சிவப்பு முடியோடு ஒரு வெள்ளைக்காரப் பெண் உட்கார்ந்திருந்தபோதும் அதையேதான் சொன்னாராம். ‘அக்கா கல்யாணம் பண்ணிட்டுப் போன ஊரு அப்பிடி’ என்றாராம். வந்தவன் பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

ஒரு ஜோடி சண்டை போட்டுக்கொண்டே ஏறியது. இரண்டு பேருக்கும் நடுவில் பை. உத்தமர்சீலி தாண்டியதும் அந்தப் பெண் வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கிவிட்டாள். அக்காவும் இறங்கினார். ‘போறதுன்னா போம்மா. இங்க பஸ் கம்மி, வெயில் வேற. ஆத்தங்கரை வரைக்கும் வா. அங்க எவ்வளவு கத்தினாலும் ஒருத்தருக்கும் கேக்காது, நல்லாச் சண்டை போடலாம்’ என்றார். கரையில் அவர்கள் ஒரு மணி நேரம் கத்தினார்கள். திரும்பும்போது பை டிக்கிக்குப் போயிருந்தது. இதைச் சொல்லும்போது அக்காவின் முகத்தில் இருந்த பெருமையை, மகள் முதல் மார்க் வாங்கிய தாயின் முகத்தில்தான் பார்த்திருக்கிறேன்.

கொள்ளிடக் கரைதான் கடைசி நிறுத்தம். எதிரே தண்ணீர் கொஞ்சமும் மணல் நிறையவுமாகக் கிடக்கும். பாய் விரித்து, பிரம்புக் கூடையிலிருந்து துண்டில் சுற்றிய இரண்டு கிளாஸ்களை எடுப்பார். தண்டு வைத்த கண்ணாடிக் கிளாஸ். வீட்டில் காலையில் பிழிந்து வடிகட்டிப் பிளாஸ்கில் கொண்டுவந்த பன்னீர் திராட்சை ரசத்தை ஊற்றுவார். ஒன்றில் மட்டும், ஆண் குடிக்கிற கிளாஸில், ஒரு சிட்டிகை உப்புப் போட்டுக் கலக்குவார். கொடுத்துவிட்டு நாற்பது அடி தள்ளிப் போய், அவர்களுக்கு முதுகைக் காட்டி நிற்பார். திரும்பி வருவதற்கு முன் இருமுவார்.

அந்த உப்பால் எனக்குத்தான் தலைவலி. ‘எல்லாம் அருமை, ஜூஸில் ஏன் உப்பு?’ என்று பாதிப் பேர் எழுதுவார்கள். வருகிற கருத்துகளை ஒவ்வொன்றாக நான் வாய்விட்டுப் படிக்க வேண்டும், அக்கா ஸ்டூலில் உட்கார்ந்து கேட்பார், பதிலும் அவரே சொல்லுவார். அது எங்கள் வழக்கம்.

“யாருக்குமே பிடிக்கலக்கா. விட்டுடுங்களேன்.”

“ஆம்பளைங்களுக்கு அப்பிடித்தான் பிடிக்கும். உனக்கு என்ன தெரியும்?”

எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒன்றுதான். உலகத்தில் அப்படிக் குடிக்கிற ஆண் ஒருவர் இருந்திருக்கவேண்டும், அக்காவுக்குத் தெரிந்த ஆண்பிள்ளை ருசி அது ஒன்றுதான். அதற்குமேல் நான் கேட்கவில்லை.

நடுவில் ஒரு தடவை காவிரிப் பாலத்தைச் சில மாதங்கள் பழுது பார்க்க மூடினார்கள். ஊரே திட்டித் தீர்த்தது. ஆபீஸ் போகிறவர்கள் சுற்றிக்கொண்டு போனார்கள். எங்களுக்கும் ஜோடிகள் குறைந்துபோனார்கள். அக்கா மட்டும் தெளிந்த முகத்தோடு இருந்தார். “பாலம் மூடிக் கெடக்கே, அவர் எப்பிடி வருவார்?” என்றார் ஒரு நாள். பைபாஸ் பாலம் திறந்துதான் இருந்தது. நான் சொல்லவில்லை. அந்தச் சில மாதங்களாவது அவர் வராததற்கு ஒரு காரணம் கிடைத்ததே என்று விட்டுவிட்டேன்.

பிறகு அந்த போன் வந்தது. குரலைக் கேட்டால் காலேஜ் பெண். அப்பா அம்மாவுக்கு இருபதாவது கல்யாண நாளாம், அவர்களுக்குத் தெரியாமல் ஏற்பாடு செய்கிறாளாம். எங்கே போகிறோம் என்றே சொல்லாமல் ஆட்டோவில் ஏற்றி அனுப்பப்போகிறாளாம். அவள் துள்ளுவது போனிலேயே தெரிந்தது. விவரம் எழுதிக்கொள்ள, வீடு எங்கே என்று கேட்டேன்.

“உறையூருங்க.”

எனக்குச் சுருக்கென்றது. அடுத்த நிமிஷம் என்னையே திட்டிக்கொண்டேன். உறையூர் என்ன நாலு வீடு இருக்கிற குக்கிராமமா? எத்தனை அப்பா அம்மாக்கள் இருப்பார்கள்! ஆனாலும் அக்காவிடம் கொடுக்கிற சீட்டில் அந்தப் பெயரை எழுத மனம் வரவில்லை. ‘திருச்சி, ஒரு ஜோடி, இருபதாவது கல்யாண நாள்’ என்று எழுதிக் கொடுத்தேன். அக்கா படித்துப் பார்த்தார். “இருவது வருஷமா? அப்ப கொஞ்சம் பழம் ஜாஸ்தியாப் போட்டுப் பிழியணும்” என்றார்.

அன்று ஏழு மணிக்கு மேல் கடைக்கு வந்து கார்ச் சாவியை ஆணியில் மாட்டினார். கார் என் கடை ஓரத்தில்தான் நிற்கும், சாவியும் என்னிடம்தான் இருக்கும். அவர் தலையில் எப்போதும் இருக்கும் மல்லிகையோடு ஒரு துண்டு கனகாம்பரமும் இருந்தது.

“என்னக்கா, இன்னிக்கு ரெண்டு பூ?”

“ஜோடி குடுத்துச்சு.”

“எப்பிடி, நல்ல ஜோடியா?”

“நல்ல ஜோடி” என்றார். போய்விட்டார். வழக்கமாக அரை மணி நேரம் கதை சொல்லாமல் நகரமாட்டார். கால் வலி என்று நினைத்துக்கொண்டேன். அப்படி ஒரு மட்டி நான்.

மூன்று நாள் கழித்து, பகல் இரண்டு மணிக்கு, கருத்து ஒன்று வந்திருந்தது. அக்கா ஸ்டூலில் உட்கார்ந்தார். சாயங்கால ஜோடிக்கான கூடையைக் காலடியில் வைத்துக்கொண்டார். நான் எப்போதும்போலச் சத்தமாகப் படிக்க ஆரம்பித்தேன்.

“‘எங்கள் இருபதாவது கல்யாண நாளுக்கு மகள் ஏற்பாடு செய்தாள். வண்டி ஓட்டிய அக்கா தங்கமானவர். எங்களைத் தனியாக விட்டுத் தள்ளியே நின்றார். கோயில் கதை சொல்வார் என்று போட்டிருந்தது, எங்களுக்கு எதுவும் சொல்லவில்லை. உடம்பு சரியில்லை போல. அது ஒன்றுதான் குறை. எங்கள் வீட்டுக்காரர் திராட்சை ஜூஸில் உப்புப் போட்டுத்தான் குடிப்பார். வேறு யாரும் அப்படிக் குடித்து நான் பார்த்ததில்லை. நாங்கள் சொல்லாமலே அந்த அக்கா...’”

என் குரல் நின்றுவிட்டது. அக்காவை நிமிர்ந்து பார்க்கப் பயமாக இருந்தது.

“ஏன் நிறுத்திட்ட? படி.”

“அக்கா...”

“படின்னேன்ல.”

படித்தேன். “‘நாங்கள் சொல்லாமலே அந்த அக்கா அவருக்கு உப்புப் போட்டுக் கொடுத்தார். எப்படித் தெரியும் என்று கேட்டேன். எல்லா ஆம்பளைகளும் இப்படித்தான் குடிப்பார்கள் என்று நினைத்துவிட்டேன் என்றார். அதைக் குடிக்கும்போது எங்கள் வீட்டுக்காரர் கண் கலங்கிவிட்டார். இத்தனை வருஷத்தில் நான் அப்படிப் பார்த்ததில்லை. என்மேல் இவ்வளவு பிரியம் வைத்திருக்கிறார் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. ஐந்து நட்சத்திரம்.’”

ஜெராக்ஸ் மெஷின் மட்டும் உர் என்று ஓடிக்கொண்டிருந்தது. எழுந்து போய் அதை அணைத்தேன்.

“எனக்குத் தெரியாதுக்கா. சத்தியமாத் தெரியாது. அந்தப் பொண்ணு உறையூர்னுதான் சொல்லுச்சு. நான்தான் திருச்சின்னு மாத்தி எழுதினேன். ஊரை எழுதியிருந்தா நீங்க உஷாரா இருந்திருப்பீங்க...” எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் அழவில்லை.

“நீ என்ன எழுதியிருந்தாலும் நான் போயிருப்பேன்” என்றார்.

“அவர் ஒண்ணும் சொல்லலியா?”

“ஆட்டோவுலேருந்து எறங்கினவர் என்னையப் பாத்ததும் அப்பிடியே நின்னுட்டார். அவ, ‘என்ன மரம் மாதிரி நிக்கிறீங்க, ஏறுங்க’ன்னு கையப் பிடிச்சு இழுத்தா. ஏறிட்டார். நானும் கண்ணாடிய மேல திருப்பிட்டு வண்டிய எடுத்தேன். வேற என்ன பண்ணச் சொல்ற? பொண்ணு ஆசையா அனுப்பியிருக்கு.”

“நாலு மணி நேரமும் பாக்கவே இல்லையாக்கா?”

“உத்தமர்சீலிகிட்ட ஒரு தடவ கண்ணாடிய எறக்கினேன். அவ அவர் தோள்ல சாஞ்சு தூங்கிட்டு இருந்தா. அவர் வெளிய வாழைத் தோட்டத்தப் பாத்துட்டு இருந்தார். முன்பக்கம் முடியே இல்ல. திருப்பி ஏத்தி விட்டுட்டேன்.”

சேலைத் தலைப்பின் ஓரத்தை விரலில் சுற்றிச் சுற்றிப் பிரித்தார்.

“எறங்கும்போது, ‘வர்றோங்க’ன்னார். என்னையப் போயி ‘ங்க’ போட்டு. கல்யாணத்தன்னிக்குக்கூட அவர் என்னைய மரியாதையாப் பேசினதில்ல.”

தண்ணீர் பாட்டிலை அவர் பக்கம் நகர்த்தினேன்.

“அவ நல்லவளா இருக்கா. அதுதான் தாங்க முடியல. இருவது வருஷமா அவள என்னென்னமோ நெனச்சு வச்சிருந்தேன், திமிரு பிடிச்சவ, மயக்குக்காரின்னு. அவ என்னடான்னா, ‘இன்னிக்கு எங்க கல்யாண நாள்க்கா, நீங்களும் வச்சுக்கங்க’ன்னு தன் தலையிலேருந்து பூவக் கிள்ளி என் தலையில வச்சுவிடுறா. அவர் பாத்துட்டே நிக்கிறார்.” காலடியில் இருந்த கூடையை நேராக நகர்த்தி வைத்தார். “கெட்டவளா இருந்தா, இன்னும் கொஞ்ச நாள் காத்துக்கிட்டு இருந்திருப்பேன்.”

இவ்வளவையும் அழாமல் சொன்னார். அந்த மனிதர்மேல் எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமில்லை. அஞ்சாறு கிலோமீட்டரில் இருந்துகொண்டு இருபது வருஷத்தைத் தின்றவர், ஒரு கிளாஸ் ஜூஸுக்குக் கண் கலங்கினாராம்! அந்தக் கண்ணீரும் கடைசியில் வேறொருத்தி கணக்கில் போய்ச் சேர்ந்துவிட்டது.

“பதில் போடணுமேக்கா” என்றேன் கடைசியில்.

“நன்றின்னு போடு. பொண்ண நல்லா வளத்திருக்கீங்கன்னும் போடு.”

அடித்தேன். அவர் எழுந்து வந்து என் பின்னால் நின்று திரையைப் பார்த்தார்.

“அப்பிடியே நம்ம பக்கத்துல அந்தக் கடைசி வரிய எடுத்துடு.”

“எந்த வரிக்கா?”

“வண்டி பாலம் தாண்டாதுன்னு இருக்கே, அது.”

ஒவ்வொரு எழுத்தாக அழித்தேன். அவர் முழுசும் போகிறவரை பார்த்துக்கொண்டிருந்தார்.

“அண்ணனுக்கு ஒரு போன் போட்டுக் குடு. ஞாயித்துக்கிழமை நானே வண்டிய எடுத்துக்கிட்டுத் திருவெறும்பூர் வர்றேன்னு சொல்லணும். இன்னிக்கு ஜோடிக்கும் சொல்லிடு, வண்டி வராதுன்னு.”

“என்ன காரணம் சொல்லட்டும்?”

“ரிப்பேருன்னு சொல்லு.”

இரண்டு போனையும் பேசி முடித்துத் திரும்பினால், அக்கா கூடையைத் திறந்து கிளாஸ்களைத் துண்டிலிருந்து எடுத்து என் மேஜைமேல், லேமினேஷன் மெஷினுக்குப் பக்கத்தில் வைத்திருந்தார். பிளாஸ்கைத் திறந்து இரண்டிலும் ரசத்தை ஊற்றினார். கை தானாகக் கூடைக்குள் போய் உப்பு டப்பாவை எடுத்து, ஒன்றில் ஒரு சிட்டிகை போட்டுவிட்டது. போட்ட பிறகுதான் அவருக்கே தெரிந்தது. கையில் டப்பாவோடு அப்படியே நின்றார்.

“அதக் கொட்டிடுங்கக்கா” என்றேன்.

“எதுக்குக் கொட்டணும்? நீ இதக் குடி” என்று உப்பில்லாத கிளாஸை என் பக்கம் தள்ளினார். உப்புப் போட்டதைத் தானே எடுத்து, வாயில் வைத்து ஒரு மடக்குக் குடித்தார். அவர் முகம் சுருங்கியது. கிளாஸை எட்டப் பிடித்துப் பார்த்தார்.

“நீங்க இதக் குடிச்சதே இல்லையாக்கா?”

“அவருக்குக் கலக்கிக் குடுப்பேன். நான் வாயில வச்சதில்ல.” இன்னொரு மடக்குக் குடித்தார். “நல்லாவே இல்லையே! இதையா எல்லாருக்கும் குடுத்தேன்?”

எனக்கு அந்தக் கிளாஸைப் பிடுங்கித் தெருவில் வீசவேண்டும்போல இருந்தது. அவர் விடவில்லை. என் ஸ்டூலில் உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, கடைசிச் சொட்டு வரைக்கும் அதைக் குடித்து முடித்தார்.